தாழ்ந்த பெடலும் மெத்தென்ற பெடலும்: திருவொற்றியூரில் ஒரு பிரேக் ஆயில் மாற்றம்

திருமலையிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் பெடல் மெத்தென்று உள்ளே போயிருக்கிறது. ஓரம்கட்டி அரை மணி நேரம் நிறுத்தியதும் பழையபடி பிடித்திருக்கிறது. ஊர் திரும்பியதும் வண்டிக்காரர் சொன்ன புகார்கள் இரண்டு. மலையில் நடந்தது ஒன்று. ஊருக்குள்ளேயே கொஞ்ச காலமாகப் பெடல் தாழ்வாக இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து பிரேக் ஆயிலை வீட்டிலேயே மாற்றிவிடுவது என்று முடிவானது. ஆயில் மாற்றம் முதல் புகாரைத் தீர்த்தது. இரண்டாவதைத் தொடவே இல்லை. ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் பெரும்பகுதி.

வண்டி 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்பக்கம் டிஸ்க், பின்பக்கம் டிரம், ஏபிஎஸ் இல்லாத அடிப்படை மாடல். கிளட்ச் கேபிளில் இயங்குவது. ஓடியது 68,000 கிலோமீட்டர். சர்வீஸ் புத்தகத்தில் 40,000-க்குப் பிறகு பிரேக் ஆயில் பற்றிய பதிவு கிடையாது. திருவொற்றியூரில் கடலுக்கு நடந்து போகும் தூரத்தில், குறுக்குத் தெருவில் வெட்டவெளியில் நிற்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சக்கரம் மூழ்கும் அளவு தண்ணீரில் நின்ற வண்டி. இந்தக் கடைசித் தகவலை வண்டிக்காரர் போகிறபோக்கில்தான் சொன்னார். பின்னால் அதுதான் முக்கியமானது.

கழற்றுவதற்கு முன் பார்த்தவை

ஆயில் தொட்டியில் மட்டம் குறைந்தபட்சக் கோட்டைத் தொட்டுக்கொண்டு இருந்தது. நிறம் டிகாக்‌ஷன் போல. மட்டம் குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்புவது நம் ஊர்ப் பழக்கம். அதைச் செய்யாமல், முன் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடுகளைப் பார்த்தால் 4 மி.மீ. கனம் மீதி. பேடு தேயத் தேய, அதைத் தள்ளும் காலிப்பர் பிஸ்டன் வெளியே நகர்கிறது. அந்த இடத்தை ஆயில் நிரப்புகிறது. தொட்டியில் மட்டம் இறங்குகிறது. கசிவு இல்லாத வண்டியில் மட்டம் மெதுவாக இறங்குவது பேடு தேய்மானத்தின் அளவுகோல். நடுவில் ஊற்றி நிரப்பியவர்கள், புதுப் பேடு மாட்டும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியதும் தொட்டி வழிந்து பானெட்டுக்குள் பெயின்ட் உரிந்து நிற்பதைப் பார்ப்பார்கள்.

நிறத்தை வைத்து முடிவுக்கு வர முடியாது. புது ஆயிலே சில பிராண்டுகளில் மஞ்சளாக வரும். கறுப்பு என்றால் ரப்பர் துகளும் உலோகத் துருவும் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம், அவ்வளவுதான். ஈரம் அளக்கும் பேனா தொட்டியில் 3 சதத்துக்கு மேல் காட்டியது. அதற்கும் முழு மதிப்பு கிடையாது. பேனா அளப்பது மின்கடத்தும் திறனைத்தான். அதுவும் தொட்டியில் இருக்கும் ஆயிலை மட்டும். சூடாகிற காலிப்பருக்குள் இருப்பது வேறு ஆயில்.

இன்னொரு சோதனைக்குச் செலவே கிடையாது. பழைய ஆயிலில் சில சொட்டுகளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டுக் கலக்கினால், நல்ல பிரேக் ஆயில் முழுக்கக் கரைந்துவிடும். மேலே மினுமினுப்பாகப் படலம் மிதந்தால் யாரோ இன்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் வெறும் ஆயில் மாற்றம் உதவாது. பிரேக்கின் ரப்பர் பாகங்கள் எல்லாம் பெட்ரோலிய எண்ணெயில் ஊதிப்போகும். பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஹோஸ் வரை மாற்ற வேண்டியிருக்கும். இந்த வண்டியில் கரைந்துவிட்டது. மூடியின் உள் ரப்பரும் ஊதவில்லை. சோதனை செய்த டம்ளரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், பிரேக் ஆயிலில் இருக்கும் கிளைகால் விஷம்.

பிறகு பெடல். இன்ஜின் ஓடும்போது பலமாக மிதித்துப் பிடித்தால் பெடலுக்கும் தரைக்கும் நடுவே 55 மி.மீ. அரை நிமிடம் பிடித்திருந்தும் மேலும் இறங்கவில்லை. ஹேண்ட் பிரேக் 11 கிளிக் ஏறியது. இந்த எண்களை அன்றே எழுதி வைத்தது பின்னால் உதவியது.

மலையில் என்ன நடந்தது

பிரேக் ஆயிலின் தரக் குறியீடுகளில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை ஆயில்கள், ஈரத்தை இழுக்கும். தொட்டி மூடியின் காற்றுத் துளை வழியாகவும், அதைவிட ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் நீராவி மெல்ல உள்ளே போகிறது. மூடியைத் திறக்காமலே வைத்திருந்தாலும் இது நடக்கும். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, 3.7 சதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அது 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு இதே எண்கள் 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. ஊருக்குள் ஓட்டும்போது 140-ஏ போதும். தண்டையார்பேட்டை நெரிசலில் பிரேக் அடிக்கடி மிதிபட்டாலும் வேகம் குறைவு, சூடு சேராது. வடசென்னையில் மேடு என்று சொல்ல மேம்பாலங்கள்தான் உண்டு.

மலை இறக்கத்தில் கதை வேறு. பிரேக்கிங்கின் பெரும்பங்கை முன் டிஸ்க்தான் தாங்குகிறது; அந்தச் சூடு பேடு, பிஸ்டன் வழியாக காலிப்பருக்குள் இருக்கும் ஆயிலுக்கு வருகிறது. ஈரம் சேர்ந்த ஆயில் அங்கே கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகிறது. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் மெத்தென்று போகிறது. ஆறியதும் ஆவி திரும்ப ஆயிலாகிறது, பெடலும் திரும்ப வருகிறது. நிறுத்திவைத்த பிறகு தானே சரியாவதுதான் இதன் அடையாளம். மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் போயிருந்தால் ஆறியும் சரியாகாது. பேடு சூடாகி வழுக்கினால் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது.

இறங்கும்போது வண்டி நான்காவது கியரில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது கியரில் இன்ஜினைப் பிடிக்க விட்டிருந்தால் இதே பழைய ஆயிலோடுகூட ஒழுங்காக இறங்கியிருக்கலாம். பழியை முழுக்க ஆயில் மேல் போடுவது நியாயமில்லை.

கடலோரம் வண்டி வைத்திருப்பவர்கள் சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. உப்புக் காற்று ஆயிலைக் கெடுப்பதில்லை. உப்பு தின்பது வெளியே: இரும்பு பைப், பைப் நட், ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயிலையும் காற்றையும் வெளியே விடத் திறக்கும் பிளீடர் நிப்பிள். ஆயிலுக்குள் போவது வெறும் ஈரம். அது ஆயிலின் துருத்தடுப்பு மருந்து தீர்ந்தபின் மாஸ்டர் சிலிண்டர், டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் இவற்றின் உள்சுவரை அரிக்கிறது. எண்ணூர், காசிமேடு பக்கம் ஆயில் மாற்றும் வேலையில் பாதி நேரம் நிப்பிளோடு மல்லுக்கட்டுவதில் போகிறது என்றால் காரணம் அந்த வெளித்துரு.

வாங்கியவை

தொட்டி மூடியில் டாட் 3 என்று இருந்தது. வாங்கியது டாட் 4. டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 4 கேட்கும் வண்டியில் டாட் 3 கூடாது. பெயரில் எண் பெரிதாக இருக்கிறதே என்று டாட் 5 வாங்கிவிடக் கூடாது. அது சிலிக்கோன், கிளைகாலோடு சேராது. அளவு 500 மி.லி. பாட்டில் இரண்டு, 250 மி.லி. ஒன்று. சின்னக் காருக்கு ஒரு லிட்டர் போதும் என்பார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தால் போதும்தான். பாட்டிலின் உள்சீல் உடையாமல் இருக்க வேண்டும். லூஸில் அளந்து கொடுக்கும் பிரேக் ஆயில், கடையில் பாதி திறந்து நிற்கும் பாட்டில் இரண்டும் வேண்டாம்.

நிப்பிளுக்கு 8, 10 மி.மீ. ரிங் ஸ்பேனர், முடிந்தால் ஆறு முனை ரிங். சாதாரண பன்னிரண்டு முனை ரிங் துருப்பிடித்த நிப்பிளின் தலையை உருட்டிவிடும், ஓபன் ஸ்பேனர் நிச்சயம் உருட்டும். பாரிமுனைக் கடைகளில் ஆறு முனை என்று கேட்டு வாங்க வேண்டும், கேட்காமல் தர மாட்டார்கள். கண்ணாடி போலத் தெரியும் டியூப் ஒரு மீட்டர், உள்விட்டம் 5 மி.மீ. கொளத்தூர் மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் காற்று டியூப் பெரும்பாலும் 4 மி.மீ.; சிலிக்கோன் வகை என்றால் இழுத்து மாட்டலாம், இறுக்கமாகப் பிடிப்பது நல்லதே. சுடுதண்ணீரில் முக்கி இளக்கினால் உள்ளே ஒரு சொட்டுகூட இல்லாமல் உலர்த்த வேண்டும். மருந்துக் கடையில் 50 மி.லி. சிரிஞ்சு. காலி ஜாடி, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, துணி, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர். பெயின்டில் ஆயில் பட்டால் துடைத்தால் பரவும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போய்விடும்.

ஜாக்கி மட்டும் போதாது, ஸ்டாண்டு வேண்டும். தெருவில் கிடக்கும் ஹாலோ பிளாக் திடீரென்று நொறுங்கும். அதன்மேல் வண்டியை நிறுத்திவிட்டு வீல் பக்கம் தலையைக் கொடுப்பவர்களை இந்தப் பகுதியில் சாதாரணமாகப் பார்க்கலாம். பின்பக்கம் தூக்கும்போது ஹேண்ட் பிரேக் விடுபட்டிருக்க வேண்டும் என்பதால் முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை, கியரும் போட்டிருக்க வேண்டும்.

முந்தின நாட்கள்: நிப்பிள்

நான்கு நிப்பிளும் திறக்கும் என்று உறுதியாகாமல் தொட்டியில் கை வைக்கவே கூடாது. மூன்று சக்கரம் முடிந்து நான்காவது உடைந்தால் வண்டி தெருவிலேயே நிற்கும்.

முன் இரண்டும், பின் வலதும் கம்பி பிரஷ், துருநீக்கி ஸ்ப்ரே, ஒரு இரவு ஊறல் இவற்றோடு திறந்தன. பின் இடது திறக்கவில்லை. அதன் ரப்பர் தொப்பி எப்போதோ விழுந்துவிட்டது. வெள்ளத்தில் நின்றது அந்த நிலையில்தான். இந்த இடத்தில் பலரும் ஸ்பேனரில் பைப் மாட்டி நீளம் கூட்டுவார்கள். நிப்பிளின் நடுவே துளை இருக்கிறது, சுவர் மெல்லியது. நெம்பினால் கழுத்தில் முறியும். செய்தது: ஆறு முனை சாக்கெட் மாட்டி, முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை, நிப்பிளின் தலையில் சின்னச் சுத்தியலால் நேர்தட்டு நாலைந்து, பிறகு திறக்கும் திசை. அசையவில்லை. மறுபடி ஸ்ப்ரே, மறுபடி இரவு. அடுத்த நாள் இதே வரிசையில் கிரீச்சென்று சத்தம் வந்து அசைந்தது. கியாஸ் டார்ச்சில் சூடு காட்டுவது பட்டறை வேலை. உள்ளே ஆயிலும் ரப்பரும் இருக்கும்போது வீட்டில் அதைச் செய்யக் கூடாது.

அசைந்தாலும் பிரச்சினை முடியவில்லை. அரைச் சுற்று திறந்து பெடலை மிதித்தால் ஒரு சொட்டும் வரவில்லை. நிப்பிளின் நடுத்துளை துருவால் அடைத்திருந்தது. முழுவதும் கழற்றிக் கம்பியால் குத்தியதில் துளை திறந்தது. ஆனால் நுனியின் கூம்பு அரிபட்டிருந்ததால் மறுபடி அதையே போடவில்லை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் பழைய நிப்பிளைக் காட்டி அதே மரை, அதே நீளம், அதே கூம்பு உள்ள புது நிப்பிள் வாங்கப்பட்டது. மரை பார்க்க ஒன்றுபோல இருக்கும், 8 மி.மீ. விட்டத்திலும் 10 மி.மீ. விட்டத்திலும் வேறு வேறு பிட்ச் உண்டு. கையால் முழு ஆழம் ஏறாத நிப்பிளை ஸ்பேனர் போட்டு ஏற்றினால் வீல் சிலிண்டர் குப்பை. கடைக்குப் போய் வரும் வரை வீல் சிலிண்டரின் துளை இறுக்கமாக மூடியிருந்தது.

ஆயில் மாற்றிய நாள்

முதல் வேலை தொட்டி. சிரிஞ்சால் 160 மி.லி. பழைய ஆயில் உறிஞ்சி எடுத்து, அடியில் படிந்த கறுப்பை நூல் பிரியாத துணியால் ஒற்றி, புது ஆயில் அதிகபட்சக் கோடு வரை. இதைச் செய்யாமல் பழைய ஆயிலின் மேலேயே புதியதை ஊற்றி ஆரம்பித்தால் அந்த அழுக்கு முழுவதும் பைப் வழியாக நான்கு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்துவிட்டு வரும். புது ஆயிலும் இரட்டிப்பாகச் செலவாகும். மூடியைத் திருகாமல் மேலே வைத்திருந்தால் போதும். சென்னைக் காற்றின் ஈரம் ஒரு மணி நேரத்தில் ஆயிலைக் கெடுத்துவிடும் என்ற பயம் மிகை. தூசியும் மழைத் தூறலும்தான் கவலை.

அடுத்தது பெடலுக்கு அடியில் கட்டை, 50 மி.மீ. உயரம். தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் அதன் உள்துளையின் முதல் பாதியில்தான் போய் வருகிறது. கடைசிப் பாதியில் பத்து ஆண்டுத் துருவும் படிவும் உட்கார்ந்திருக்கும். நிப்பிளைத் திறந்துவைத்துப் பெடலைத் தரை வரை மிதித்தால் வாஷர் உதடு அந்தக் கரடில் உரசிக் கிழியும். வேலை முடிந்த மறுநாள் நின்றபடியே பெடல் மெல்ல இறங்கும். ‘ஆயில் மாற்றியதால் கெட்டுப்போச்சு’ என்ற பேச்சுக்கு மூலம் பெரும்பாலும் இதுதான். ஒரு ரீப்பர் துண்டு அதைத் தடுக்கிறது.

வரிசை: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. நம் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் வலது பக்கம் இருப்பதால் அதற்குத் தூரமானது பின் இடது. அமெரிக்க வீடியோக்களில் பின் வலதில் ஆரம்பிப்பது அங்கே ஸ்டீயரிங் இடது பக்கம் என்பதால். குறுக்கு வாட்டத்தில் இரண்டு லைனாகப் பிரிந்த வண்டிகளில் சில மேனுவல்கள் வேறு வரிசை சொல்லும். சொன்னால் அதுவே சரி. காற்று புகாமல் வெறும் ஆயில் மாற்றும் வேலையில் வரிசை தப்பினால் பெரிய நஷ்டமில்லை, ஒரு சக்கரம் விட்டுப்போனால்தான் நஷ்டம்.

இன்ஜின் அணைத்து, மிதியை எளிதாக்கும் பூஸ்டரில் மிச்சமுள்ள வேக்குவம் தீர ஐந்தாறு முறை மிதித்து, நிப்பிளில் முதலில் ரிங் ஸ்பேனர், அதன்மேல் டியூப். டியூப் நிப்பிளிலிருந்து மேலே வளைந்து ஏறி, பிறகு ஜாடிக்கு இறங்க வேண்டும். ஜாடியின் அடியில் இரண்டு சென்டிமீட்டர் புது ஆயில், டியூப் நுனி அதில் முழுகி. வண்டிக்காரர் சக்கரத்தில், பக்கத்து வீட்டுப் பையன் பெடலில். பேச்சு இவ்வளவுதான்:

“மிதி.”

“மிதிச்சிட்டேண்ணா.”

“அப்டியே புடிச்சுக்கோ.” கால் சுற்று திறப்பு, ஆயில் வருகிறது, பெடல் கட்டையில் இடிக்கிறது.

“இடிச்சிடுச்சுண்ணா.”

நிப்பிள் மூடிய பிறகுதான் “வுடு.”

பதில் சொல்லாமல் மிதிப்பவரோடு இந்த வேலையைச் செய்யக் கூடாது. பின் வலதில் ஒரு முறை மூடுவதற்கு முன்பே கால் எடுபட்டது. டியூபில் இருந்தது அப்படியே திரும்பி உள்ளே போனது. டியூப் மேலே வளைந்திருந்ததால் போனது பெரும்பாலும் ஆயில்தான். அடுத்த மூன்று மிதியில் சின்னக் குமிழ்கள் வெளியேறி நின்றன. மிதி ஒவ்வொன்றும் மெதுவாக, மூன்று விநாடி. வேகமாக மிதித்தால் காற்று ஆயிலோடு நுரைத்துக் கலந்து, எடுக்கவே முடியாமல் போகும்.

பின் இடதில் 300 மி.லி., பின் வலதில் 180, முன் இடதில் 170, முன் வலதில் 130. தூரம் குறையக் குறைய அளவு குறைகிறது. நிறம் மாறியதும் நிறுத்தாமல் இன்னும் நாலைந்து மிதி. எட்டு மிதிக்கு ஒரு முறை தொட்டியைப் பார்ப்பது கட்டாயம். மட்டம் அடித்துளைக்கு இறங்கிவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று போய், முதல் சக்கரத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

முன் வலதை முடிக்கும் முன் பையனைக் கூப்பிட்டுவிட்டார்கள். தனியாக முடித்துவிடலாம் என்று சிரிஞ்சை டியூபில் மாட்டி இழுத்ததில் குமிழ் வந்தது. வந்துகொண்டே இருந்தது. இன்னும் 40 மி.லி. போனது, நிற்கவில்லை. லைனில் காற்று இருக்கிறது என்று இதைப் படித்தால் தப்பு. இழுக்கும்போது நிப்பிள் மரையின் இடுக்கு வழியாக வெளிக்காற்று டியூபுக்குள் வருகிறது. அது பிரேக்குக்குள் இருந்த காற்றே அல்ல. மிதிக்கும் முறையில் அழுத்தம் உள்ளிருந்து வெளியே இருப்பதால் இந்தப் பொய்க் குமிழ் வராது. பையன் திரும்பி வந்து மிதித்ததும் ஒரு குமிழும் இல்லை. வேக்குவம் பம்ப் வைத்துத் தனியாக வேலை செய்பவர்கள் மரையைச் சுற்றி டெஃப்லான் டேப் சுற்றுவார்கள். நுனிக்கூம்பில் படாமல் சுற்றினால் சரி, பட்டால் துண்டு உள்ளே போகும்.

பெடல் இன்னும் தாழ்வாகவே

எல்லாம் மூடி இன்ஜினைப் போட்டு மிதித்தால் 55 மி.மீ. முன்பு இருந்த அதே எண்.

இங்கேதான் பெரும்பாலோர் காற்று என்று முடிவு கட்டி இன்னொரு லிட்டர் ஆயில் வாங்கப் போகிறார்கள். இங்கேயும் ஒரு சுற்று கூடுதலாக எடுத்துப் பார்த்ததில் 160 மி.லி. போனது, பெடல் அசையவில்லை. பெடலிடம் கேட்டாலே அது சொல்லும். அடுத்தடுத்து மிதிக்கும்போது பெடல் மேலேறி, ஆனால் மெத்தென்று இருந்தால் காற்று. மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்லக் கீழிறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் வாஷர், அல்லது எங்கோ கசிவு. இரண்டாவது மிதியில் மேலேறிக் கெட்டியாக நின்று, கொஞ்ச நேரம் விட்டு மிதித்தால் மறுபடி தாழ்வு என்றால் ஆயிலில் குறையே இல்லை. பின் டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். முதல் மிதியின் ஆயில் முழுவதும் ஷூவை டிரம் வரை கொண்டுபோவதிலேயே தீர்ந்துவிடுகிறது. இந்த வண்டியின் பெடல் மூன்றாவது வகை.

உறுதிப்படுத்த ஒரு சின்னச் சோதனை. ஹேண்ட் பிரேக்கை முழுவதும் இழுத்துவிட்டுப் பெடலை மிதித்தால் 55 இருந்தது 80 ஆனது. ஹேண்ட் பிரேக் ஷூவை டிரம் பக்கம் தள்ளிவைத்துவிடுவதால் இடைவெளி குறைந்து பெடல் உயர்கிறது. ஹேண்ட் பிரேக்கின் 11 கிளிக் முதல் நாளே இதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

டிரம்மைக் கழற்றினால் காரணம் தெரிந்தது. இந்த வண்டியின் டிரம்மில் மரை போட்ட இரண்டு துளைகள் உண்டு, 8 மி.மீ. போல்ட் இரண்டை மாற்றி மாற்றி இறுக்கினால் டிரம் பிதுங்கி வெளியே வரும். பேரிங்கோடு சேர்ந்த டிரம் உள்ள வண்டிகளில் நடு நட்டைக் கழற்ற வேண்டும், நட்டும் புதிது போட வேண்டும். உள்ளே ஷூ மேல் ஒட்டிய லைனிங் நன்றாகவே இருந்தது. ஷூ தேயும்போது தானாகத் திரும்பி நீள வேண்டிய அட்ஜஸ்டர், இரண்டு பக்கமும் காய்ந்த வண்டலும் துருவும் சேர்ந்து இறுகிக் கிடந்தது. வெள்ளத் தண்ணீர் பிரேக் ஆயிலுக்குள் போகவில்லை. டிரம்முக்குள் போய் வண்டலை விட்டுவிட்டு வடிந்திருக்கிறது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, மணலி என்று தண்ணீர் தேங்கும் எந்தத் தெருவில் நின்ற வண்டிக்கும், வெள்ளம் வடிந்ததும் டிரம்மைக் கழற்றிப் பார்ப்பது ஆயில் மாற்றுவதைவிட அவசரமான வேலை.

டிரம் தூசியை ஊதவோ ஏர் அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகக்கவசம் போட்டு, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைத்து எடுத்தது. அட்ஜஸ்டரைக் கழற்றி மரையைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸ் மிகக் கொஞ்சம். இடது அட்ஜஸ்டரும் வலதும் எதிரெதிர் மரை, மாற்றி மாட்டினால் ஓட ஓட இடைவெளி கூடும். ஒரு பக்கம் முடித்த பிறகே அடுத்த டிரம்மைத் திறக்க வேண்டும். வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை லேசாகத் தூக்கிப் பார்த்ததில் இரண்டு பக்கமும் உலர்ந்திருந்தது. ஈரம் இருந்திருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றியிருக்க வேண்டும். டிரம் மாட்டி, கையால் சுற்றினால் லேசாக உரசும் சத்தம் வரும் வரை அட்ஜஸ்டரின் நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி, பிறகு ஒரு பல் பின்னால்.

ஹேண்ட் பிரேக் 6 கிளிக். பெடல் 85 மி.மீ. கேபிளை இறுக்கி 6 கிளிக்குக்குக் கொண்டுவருவது எளிது. பட்டறைகளில் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். இடைவெளி அப்படியே இருக்க, கேபிள் மட்டும் ஷூவை இழுத்துப் பிடித்து, அட்ஜஸ்டரை வேலை செய்யவிடாமலே ஆக்கிவிடும். முதலில் ஷூ, பிறகு தேவைப்பட்டால்தான் கேபிள்.

ஓட்டிப் பார்த்ததும் பழைய ஆயிலும்

நிப்பிள் இறுக்கம் 8 நியூட்டன் மீட்டர் அளவு. டார்க் ஸ்பேனர் இல்லாதவர்கள் சின்ன ரிங் ஸ்பேனரை இரண்டு விரலால் இழுத்து நிறுத்துவது போதும். கசிவைத் தடுப்பது நுனிக்கூம்பு, மரை அல்ல. நான்குக்கும் புது ரப்பர் தொப்பி. இன்ஜின் ஓட, பலமாக அரை நிமிடம் மிதித்துப் பிடித்து, நான்கு சக்கரத்திலும் கையால் தடவிப் பார்த்தபின்தான் சக்கரம் மாட்டியது. தெருவுக்குள்ளேயே 10, 20 கிலோமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் நிறுத்திப் பார்த்து, அடுத்த நாள் விடியற்காலையில் உள்சாலைகளில் ஓட்டம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய்ச் சோதிக்கிற விஷயம் இல்லை இது. 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு மட்டமும் நான்கு நிப்பிளும் மறுபடி பார்க்கப்பட்டன, மட்டம் இறங்கவில்லை.

ஏபிஎஸ் உள்ள வண்டி என்றால், 2019 ஏப்ரலுக்குப் பிறகு இந்தியாவில் விற்பனைக்குத் தயாரான கார்கள் எல்லாம் அப்படித்தான், இதே முறையில் ஆயில் மாற்றலாம். ஏபிஎஸ் வால்வுகள் இருக்கும் மாடுலேட்டருக்குள் கொஞ்சம் பழைய ஆயில் தங்கும், அடுத்த முறை போய்விடும். தொட்டி வற்றி அதற்குள் காற்று போனால் மட்டும் ஸ்கேனர் போட்டு வால்வுகளை இயக்கித்தான் எடுக்க வேண்டும், வீட்டில் முடியாது. பின் அச்சில் எடைக்கேற்ப அழுத்தம் மாற்றும் வால்வு உள்ள வேன் வகை வண்டிகளில் சக்கரத்தைத் தொங்கவிட்டுச் செய்தால் பின்பக்கம் ஆயில் சரியாக வராது. அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு வைக்க வேண்டும். கிளட்சும் ஆயிலில் இயங்கி, தொட்டியும் ஒன்றே என்றால் கிளட்ச் நிப்பிள் ஐந்தாவது நிறுத்தம்.

சேர்ந்த பழைய ஆயில் 1,140 மி.லி. சாக்கடையில் கொட்டினால் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகும். 2023 டிசம்பரில் எண்ணெய்க் கழிவு அங்கே மீனவர்களை என்ன பாடுபடுத்தியது என்பது இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியாததல்ல. பழைய இன்ஜின் ஆயிலோடு கலக்காமல் தனி பாட்டிலில் மூடி, பெயர் எழுதி, கழிவு ஆயில் சேர்த்து அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுக்கப்பட்டது. மூன்றாவது பாட்டிலில் மீந்த 70 மி.லி.யும் அதோடு போனது. திறந்த பாட்டிலை அலமாரியில் வைத்து அடுத்த ஆண்டு ஊற்றுவதற்கு, பழைய ஆயிலையே விட்டுவைத்திருக்கலாம். மாற்றிய மாதமும் கிலோமீட்டரும் தொட்டி மூடிக்குப் பக்கத்தில் ஸ்டிக்கரில் எழுதப்பட்டது. அடுத்த மாற்றம் இரண்டு ஆண்டில், முன் பேடு மாற்றம் அதற்கு முன்பே வரும்.